வரவேற்பு மேடையில் ஒரு ராக் குழு

கடந்த வைகாசியில் கிருஷ்ணகிரியில் நடந்த என் அண்ணன் மகளின் திருமண வரவேற்புக்கு, வழக்கமான மெல்லிசைக் குழுவுக்குப் பதிலாக, காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த ஐந்து பேர் கொண்ட ஒரு ராக் குழுவை அமர்த்தினோம். அன்று அவர்கள் வாசித்த மூன்று மணி நேரத்தையும், பிறகு நான் விலை கொடுத்து வாங்கிய அவர்களுடைய ஆறு பாடல்கள் அடங்கிய பென் டிரைவையும், ஆடி மாதத்தில் தர்மபுரியில் ஒரு மொட்டை மாடியில் அவர்கள் நடத்திய சிறிய நிகழ்ச்சியையும் சேர்த்து வைத்துத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். குழுவின் பெயரை எழுதவில்லை. ஐவரில் மூவர் பகலில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். இரவில் மேடையேறுவது வேலை கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பம்பையோடு கிட்டார் வாசிக்கிறவர்கள் என்று இந்தப் பக்கத்தில் யாரிடம் விசாரித்தாலும் வழி சொல்லிவிடுவார்கள்.

ராக் இசை எனக்குப் புதியதில்லை. 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தபோது, கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் இருந்து நண்பர்கள் நால்வர் கிளம்பிப் போய்க் கேட்டுவிட்டு, விடியற்காலைப் பேருந்தில் திரும்பினோம். 2011 அக்டோபரில் அதே மைதானத்துக்கு மெட்டாலிக்கா வந்தபோதும் போனேன். தொண்ணூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊருக்கு வந்த அந்தப் பெரிய குழுக்களைப் பற்றி அப்போது எங்களுக்குள் ஓயாமல் நடந்த விவாதம் ஒன்றுதான்: மெட்டாலிக்கா 1991இல் பாடல்களைச் சுருக்கி, வேகத்தைக் குறைத்து, எல்லார் காதிலும் ஏறும்படி ஒரு தொகுப்பை வெளியிட்டபோது, அந்தக் குழு வளர்ந்ததா, விலைபோனதா? அந்தக் கேள்வியை உலகப் புகழ் பெற்றவர்களைப் பற்றிக் கேட்பது எளிது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு நம் வீட்டுக் கல்யாணத்தில் வாசிக்க வருகிற பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும்போது, பணம் கொடுக்கிற கையும் பாட்டை மாற்றச் சொல்கிற வாயும் நம்முடையவையாகவே இருக்கின்றன. அதனால் இந்த மதிப்புரையில் வாசித்தவர்களைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு வாசிக்கச் சொன்னவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்களுடைய பயிற்சி இடம், தென்பெண்ணைக் கரையை ஒட்டிய ஒரு பழைய மாங்காய்க் கிடங்கு. முன்பணம் கொடுக்கப் போயிருந்தபோது தகரக் கூரையின் கீழே பழைய மெத்தைகளையும் சணல் சாக்குகளையும் சுவரில் அடித்து, எதிரொலியை ஓரளவு அடக்கி வைத்திருந்தார்கள். பாடகரே கணக்கும் பார்க்கிறார். அவர் நீட்டிய ஒரு பக்கத் தாளில் நிபந்தனைகள் கையால் எழுதப்பட்டிருந்தன. பதிவு செய்யப்பட்ட ட்ராக்கை ஓடவிட்டு அதன் மேல் வாசிக்க மாட்டார்கள். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். ஒலிபெருக்கி விதி அப்படித்தான் சொல்கிறது, ஆனால் அதை நிபந்தனையாகத் தாளில் எழுதித் தந்த குழுவை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. பாடிக்கொண்டிருக்கும்போது மேடையேறிச் சட்டையில் ரூபாய் நோட்டு குத்தக் கூடாது. சவுண்ட் சர்வீஸ் கட்டணம் தனி.

கட்டணம் இரண்டு விதமாக இருந்தது. மூன்று மணி நேரமும் சினிமாப் பாடல்கள் மட்டும் என்றால் அறுபதாயிரம். இடையில் அவர்களுடைய சொந்தப் பாடல்கள் நான்கை வாசிக்க அனுமதித்தால் ஐம்பதாயிரம். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். பத்தாயிரம் குறைகிறது என்பதற்காக அல்லாமல், சொந்தப் பாடல்களைக் கேட்கத்தான் அவர்களைத் தேடிப் போனேன். ஆனால் அந்தக் கணக்கு என்னை அன்று இரவு முழுவதும் உறுத்தியது. தன் தோட்டத்து மாம்பழத்தை இலவசமாகக் கொடுத்து, மண்டியில் வாங்கிய பழத்துக்கு முழு விலை வைக்கிற வியாபாரியை யாரும் கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டார்கள்.

பிறகு யோசித்தபோது, உலகறிந்த ஒரு குழுவும் ஏறக்குறைய இதையே செய்திருப்பது நினைவுக்கு வந்தது. லண்டனைச் சேர்ந்த தி கிளாஷ் குழு 1980 டிசம்பரில் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. முப்பத்தாறு பாடல்கள். அதை ஒற்றைத் தட்டின் விலைக்கு நெருக்கமான விலையில் விற்க வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். நிறுவனம் சம்மதிப்பதற்காக, பிரிட்டனில் விற்கும் முதல் 2,00,000 பிரதிகளுக்குத் தங்களுக்குச் சேர வேண்டிய உரிமத்தொகையை விட்டுக்கொடுத்தார்கள். பாட்டு கேட்பவரிடம் போய்ச் சேருவதற்குக் குழு தன் பையில் இருந்து செலவழித்தது. காவேரிப்பட்டணத்துப் பிள்ளைகள் தள்ளுபடி செய்த பத்தாயிரமும் அந்த வகைச் செலவுதான். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. கிளாஷ் தட்டை வாங்கியவர் அந்தப் பாடல்களுக்காகவே கடைக்குப் போனவர். கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர் விருந்துக்கும் மொய்க்கும் வந்தவர். அவர் முன்னால் சொந்தப் பாட்டை விலை குறைத்து வைத்தால், விலை குறைந்தது எதுவோ அதை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது, வாசிக்கிறவர்களுக்கும் வந்துவிடுகிறது. அன்றைய இரவில் நடந்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

சினிமாப் பாடல்களை அவர்கள் வாசித்த முறையில் எனக்குக் குறையே இல்லை. ஏழு மணிக்குத் தொடங்கி முதல் ஒன்றரை மணி நேரம் எண்பதுகளின் பாடல்களும் இப்போதைய பாடல்களும் கலந்து வந்தன. பெரும்பாலான மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டாரையும் தாளத்தையும் கீபோர்டு பார்த்துக்கொள்ளும். இவர்களிடம் கீபோர்டே கிடையாது. வயலின்கள் கூட்டமாக இசைக்கும் இடங்களை லீட் கிட்டார் ஒற்றை இழையாக எடுத்து வாசிக்க, பேஸ் கிட்டார் மூலப் பாடலில் இருந்த நடையை அச்சுப் பிசகாமல் பிடித்துக்கொண்டது. எண்பதுகளின் தமிழ்த் திரைப் பாடல்களில் பேஸ் கிட்டாருக்கு எவ்வளவு அழகான தனி வழி போட்டிருக்கிறார்கள் என்பது, மற்ற கருவிகள் குறைவாக ஒலித்த அந்த மேடையில்தான் பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டு மாப்பிள்ளையின் நண்பர்கள் இரண்டு பாடல்களைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். முகம் சுளிக்காமல் வாசித்தார்கள்.

பிறர் பாட்டை வாசிப்பதே கலைஞனுக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. சிறு வயதில் நானும் அப்படி நினைத்தேன். பீட்டில்ஸ் குழு 1960 முதல் 1962 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து இரவு விடுதிகளில், குடிக்க வந்தவர்கள் முன்னால், ஒரே இரவில் நான்கைந்து மணி நேரம், பெரும்பாலும் மற்றவர்களின் பாடல்களைத்தான் வாசித்தது. பிழைப்புக்கான அந்த வேலையில்தான் அவர்களுடைய கையும் குரலும் ஒன்றோடொன்று இணைந்தன. கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசிப்பதால் இந்த ஐவருக்கும் அதே நன்மை கிடைத்திருக்கிறது. ஒருவர் தாளத்தில் தயங்கினால் அடுத்தவர் கண்ணசைவில் சரி செய்துகொள்வதை மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கிடங்குக்குள் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால் அது வந்திருக்காது.

அவர்கள் பிறர் பாட்டை வாசிப்பதில் சட்டச் சிக்கல் உண்டா என்று உறவினர் ஒருவர் கேட்டார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், திருமண ஊர்வலத்திலும் திருமணத்தோடு தொடர்புடைய விழாக்களிலும் பாடல்களை இசைப்பதற்கு விலக்கு அளிக்கிறது. பாடகருக்கு இந்தப் பிரிவு தெரிந்திருந்தது. அதே சட்டத்தில் 2012இல் வந்த திருத்தத்தையும் அவர் சொன்னார்: திரைப்படத்துக்காகப் பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும், திரையரங்குக்கு வெளியே அந்தப் பாடல் ஈட்டும் உரிமத்தொகையில் தங்களுடைய சம பங்கைச் சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு யாருக்கும் எழுதிக்கொடுத்துவிட முடியாது. தொழிலைக் கற்றுக்கொண்டவர்களின் பேச்சு அது. கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிற பலருக்கு அந்தப் பிரிவு எதைச் சொல்கிறது என்றே தெரியாது.

எட்டரை மணிக்குச் சொந்தப் பாடல்கள் தொடங்கின. பம்பைக்காரர் அதுவரை பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து இரட்டை மேளத்தை இடுப்பில் கட்டியதும் கூட்டத்தின் பேச்சு அடங்கியது. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் பம்பைச் சத்தம் என்றால் மாரியம்மன் பண்டிகையும் அங்காளம்மனின் மயானக் கொள்ளையும்தான் நினைவுக்கு வரும். கல்யாண வீட்டில் பம்பை அடித்தால் யாருக்காவது அருள் வந்துவிடுமோ என்று என் அத்தை உண்மையாகவே பயந்தார். இந்தக் குழுவில் பம்பையை அழகுக்காகச் சேர்க்கவில்லை என்பது முதல் பாட்டிலேயே தெரிந்தது. ட்ரம்ஸ் நான்கு எண்ணிக்கையில் நேராகப் போய்க்கொண்டிருக்க, பம்பை அதன் குறுக்கே தன் கோயில் நடையிலேயே நடந்தது. எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. அந்த இடத்தில் கிட்டார் நுழைந்தபோது முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ராக் என்ற சொல்லையே கேட்டிராத ஒரு பாட்டியம்மா மேடை அருகே வந்து நின்று முழுப் பாட்டையும் கேட்டார்.

இரண்டாவது பாட்டு, தர்மபுரியில் இருந்து பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களைப் பற்றியது. மூன்றாவது, மாம்பழக் கூழ் ஆலைக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிப்போன டிராக்டர் வாசலில் காத்துக் கிடப்பதைப் பற்றியது. பயிற்சிக் கிடங்கில் நான் கேட்டபோது இந்த மூன்றாவது பாட்டு ஏழு நிமிடம் ஓடியது. முதல் இரண்டரை நிமிடம் பம்பையும் பேஸ் கிட்டாரும் மட்டும் மிக மெதுவாகப் போகும். வரிசையில் நிற்கிற டிராக்டர் நகராமல் நிற்கிற மாதிரி இசையும் நகராமல் நிற்கும். விலை கேட்டு, பேரம் பேசி, குறைந்த விலைக்கே கொட்டிவிட்டு வருகிற கோபம் பின்பாதியில் வெடிப்பதற்கு அந்தக் காத்திருப்புத்தான் காரணம். மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் அந்த இரண்டரை நிமிடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

வரவேற்பு மேடையில் அந்த முன்பகுதி வரவில்லை. இரண்டாவது பாட்டு முடியும்போதே மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் மேடைக்குப் போய், போதும், ஆடுகிற மாதிரி ஏதாவது வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே மூன்றாவது பாட்டின் வேகமான பின்பாதியை மட்டும் எடுத்து, பம்பையின் நடையைக் குத்துப் பாட்டின் நடைக்கு மாற்றி, மூன்று நிமிடத்தில் முடித்தார்கள். இளைஞர்கள் ஆடினார்கள். கைதட்டலும் விசிலும் அன்றைய இரவிலேயே அதிகமாக அந்தப் பாட்டுக்குத்தான் கிடைத்தன. நான்காவது பாட்டை வாசிக்கவே இல்லை. சினிமாப் பாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். இந்தச் சேவையில் எனக்கு இருக்கிற ஒரே பெரிய குறை இதுதான். இதைச் சிறிய குறையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ட்ராக் போட மாட்டோம் என்று எழுதித் தந்ததைக் காப்பாற்றினார்கள், பத்து மணி விதியைக் காப்பாற்றினார்கள், சட்டையில் நோட்டுக் குத்த வந்தவரைப் பணிவோடு திருப்பி அனுப்பினார்கள். தாளில் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று, அவர்களுடைய பாட்டின் உருவம். அதுதான் முதல் நெருக்கடியிலேயே போனது.

மறுநாள் மீதிப் பணம் கொடுக்கப் போனபோது பாடகரிடம் இதைக் கேட்டேன்.

“தம்பி, அந்த மாங்காய்ப் பாட்டை ஏன் அப்படி வெட்டினீர்கள்? நான்தானே பணம் கொடுத்தேன், நான் கேட்கவில்லையே?”

“சார், நீங்க கேக்கல, ஆனா கேட்டவரும் உங்க வீட்டுக்காரர்தானே? மண்டபத்துல யார் சொல்றதைக் கேக்கறதுன்னு எங்களுக்குத் தெரியல. முழுசா வாசிச்சு எல்லாரும் எழுந்து சாப்பிடப் போயிட்டா, அப்புறம் அந்தப் பாட்டையே வாசிக்கப் பிடிக்காமப் போயிடும் சார்.”

அவர் சொன்னதில் உள்ள உண்மையை மறுக்க முடியாது. கூட்டம் எழுந்து போகும்போது தன் பாட்டைத் தொடர்ந்து வாசிப்பது எத்தனை கடினம் என்பது மேடையேறாத எனக்குத் தெரியாது. ஆனாலும் நான் அவரிடம் நிர்வாணா குழுவின் கதையைச் சொன்னேன். 1991இல் வந்த தொகுப்பு லட்சக்கணக்கில் விற்ற பிறகு, அந்தக் குழு அடுத்த தொகுப்பை 1993இல் ஸ்டீவ் அல்பினி என்ற ஒலிப்பதிவாளரிடம் கொண்டுபோனது. அல்பினி உரிமத்தொகையில் பங்கு வேண்டாம் என்று மறுத்து, 1,00,000 டாலர் மொத்தக் கூலியாக மட்டும் வாங்கிக்கொண்டார். குழாய் வேலை செய்கிறவருக்குக் கூலி கொடுப்பது போலத் தனக்கும் கொடுத்தால் போதும் என்று குழுவுக்கு எழுதினார். விற்பனையில் பங்கு இருந்தால், பாட்டை விற்பனைக்கு ஏற்ப வளைக்கிற ஆசை தனக்கும் வந்துவிடும் என்பது அவருடைய நிலை. ஆனால் பதிவு முடிந்ததும் நிறுவனத்தில் இருந்தவர்களுக்கு அந்த ஒலி பிடிக்கவில்லை; குழுவுக்கும் சில இடங்களில் தயக்கம் வந்தது; தனிப்பாடல்களாக வெளியாக இருந்த இரண்டு பாடல்களை வேறொரு கலைஞரிடம் கொடுத்து மறுபடி ஒலிக்கலவை செய்தார்கள். அத்தனை புகழ் இருந்தவர்களே அவ்வளவு தூரம் வளைந்தார்கள். ஆனால் எங்கே, எவ்வளவு வளைவது என்பதை உட்கார்ந்து பேசி, இரண்டு பாட்டு என்று முடிவு செய்தார்கள். மேடையில் ஒருவர் வந்து காதில் சொன்ன நொடியில் முடிவு செய்யவில்லை. பாடகர் அதைக் கேட்டுவிட்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்.

இந்தக் குழுவுக்கு உறுதி இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்ற ஆண்டு ஒரு மனை விற்பனைக்காரர், அந்தக் கட்டட வேலைக்காரர்கள் பாட்டின் மெட்டைத் தம்முடைய விளம்பரத்துக்குக் கேட்டு, மூன்று கல்யாணத்தில் வருகிற பணத்தை ஒரே தவணையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நால்வர் சம்மதித்துவிட்டார்கள். ட்ரம்ஸ் வாசிப்பவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வீடு கட்டப் போகிறவனின் பாட்டை மனை விற்கக் கொடுப்பது சரியில்லை என்று அவர் சொன்னதும் மற்ற நால்வரும் விட்டுவிட்டார்கள். வருமானத்தை ஐந்து சம பங்காகப் பிரிப்பது, சொந்தப் பாட்டைப் பற்றிய முடிவில் ஒருவர் வேண்டாம் என்றாலும் கைவிடுவது என்ற இரண்டு வழக்கங்களை முதல் நாளில் இருந்தே வைத்திருக்கிறார்களாம். அவர்களுக்குத் தெரியாமலேயே தி டோர்ஸ் குழுவின் வழக்கத்தை அப்படியே பின்பற்றியிருக்கிறார்கள். டோர்ஸ் நால்வரும் வருமானத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் மறுப்புரிமை இருந்தது. பாடகர் ஜிம் மாரிசன் 1971இல் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து, காடிலாக் கார் விளம்பரத்துக்காக அவர்களுடைய பாட்டுக்கு 1.5 கோடி டாலர் வரை தருவதாகப் பேச்சு வந்தபோது, ட்ரம்ஸ் வாசித்த ஜான் டென்ஸ்மோர் தன் மறுப்புரிமையைப் பயன்படுத்தி அதைத் தடுத்தார். அங்கேயும் ட்ரம்ஸ்காரர் என்பது தற்செயல்தான். ஆனால் அதைச் சொன்னபோது காவேரிப்பட்டணத்து ட்ரம்ஸ்காரரின் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. பம்பைக்காரருக்கும் மற்றவர்களுக்குச் சமமான பங்கு என்பதை நான் குறிப்பாகப் பாராட்டுகிறேன். நம் ஊரில் மேளக்காரருக்குத் தனிக் கூலி, கடைசி இலை என்று இருந்த பழக்கத்தை இவர்கள் ஓசைப்படாமல் மாற்றியிருக்கிறார்கள்.

பென் டிரைவின் விலை முந்நூறு ரூபாய். ஆறு பாடல்கள், மொத்தம் முப்பத்தொரு நிமிடம். பாட்டு வரிகளை அச்சிட்ட சிறு மடிப்புத் தாள் ஒன்றும் உண்டு. ஒலிப்பதிவு அந்தக் கிடங்கிலேயே இரவுகளில் நடந்திருக்கிறது. இரண்டு இடங்களில் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மெல்லக் கேட்கிறது. குரல் சில இடங்களில் கிட்டாருக்குப் பின்னால் போய்விடுகிறது; கட்டட வேலைப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் சொற்கள் எனக்கு விளங்கவில்லை, தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இதை அடுத்த பதிப்பிலாவது சரி செய்ய வேண்டும். ஆனால் ஒலியின் ஏற்ற இறக்கத்தை அவர்கள் அழிக்கவில்லை. எல்லாப் பாட்டும் எல்லா இடத்திலும் ஒரே உரப்பில் ஒலித்தால் கடைத்தெருவில் காதில் விழும் என்ற வியாபாரக் கணக்குக்குப் பெரிய குழுக்களே பலியாகியிருக்கின்றன. மெட்டாலிக்கா 2008இல் வெளியிட்ட தொகுப்பில் உரப்பை அளவுக்கு மீறி ஏற்றி ஒலி சிதைந்துவிட்டது என்று ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கையெழுத்திட்டு, மறுபடி கலவை செய்யும்படி கேட்டார்கள். இந்தப் பென் டிரைவில் மாங்காய்ப் பாட்டு முழு ஏழு நிமிடமும் இருக்கிறது. அதன் தொடக்கம் எவ்வளவு தணிவாக இருக்கிறதோ, முடிவு அவ்வளவு உரக்க வந்து அடிக்கிறது. அந்தப் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பது அதைச் செய்தவர்களுக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு இந்தப் பதிவே சாட்சி.

தர்மபுரி மொட்டை மாடி நிகழ்ச்சிக்கு நுழைவுக் கட்டணம் நூறு ரூபாய். நாற்பது பேர் வந்திருப்பார்கள். பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். வாஷிங்டனைச் சேர்ந்த ஃபுகாஸி என்ற குழு 1987 முதல் 2002 வரை நிகழ்ச்சிகளின் நுழைவுக் கட்டணத்தைப் பெரும்பாலும் ஐந்து டாலர் அளவிலேயே வைத்திருந்தது. எந்த வயதினரும் உள்ளே வரலாம் என்பதும் அவர்களுடைய விதி. தட்டுகளைத் தங்கள் பாடகரே சேர்ந்து நடத்திய சிறு நிறுவனத்தின் மூலம் வெளியிட்டு, பெரிய நிறுவனங்களின் அழைப்பை ஏற்காமலேயே இருந்தார்கள். செலவைக் குறைவாக வைத்திருந்ததால்தான் அந்தப் பிடிவாதம் சாத்தியமானது. தர்மபுரியிலும் அப்படித்தான். இரண்டு சிறிய ஸ்பீக்கர், ஒரு ஆம்ப், வாடகை இல்லாத மாடி. நான்காயிரம் ரூபாய் வசூலாகியிருக்கும். பெட்ரோலுக்கும் டீக்கும் போக ஆளுக்கு ஐந்நூறு நின்றிருக்கலாம். ஆனால் அன்று அவர்கள் வாசித்த ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு பாட்டைக்கூடச் சுருக்கவில்லை. மாங்காய்ப் பாட்டின் முன்பகுதியில் மாடியே அசையாமல் இருந்தது. கீழே நெடுஞ்சாலையில் போன லாரிகளின் சத்தம் மட்டும் இடையே வந்து போனது.

இந்த மாடியை நம்பியே ஐந்து குடும்பங்கள் வாழ முடியாது என்பதும் உண்மை. மண்டபத்தில் பணம் இருக்கிறது, மாடியில் காது இருக்கிறது. மண்டபத்திலும் வேறொரு தொல்லையைக் கண்டேன்: மண்டபத்தார் தாங்கள் சொல்கிற சவுண்ட் சர்வீஸைத்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள். அன்று வந்த மிக்ஸரில் பம்பைக்குத் தனி மைக் ஒதுக்கவே அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பேர்ல் ஜாம் குழு 1994இல் நுழைவுச்சீட்டை இருபது டாலருக்குக் கீழே வைக்க விரும்பி, சீட்டு விற்கும் நிறுவனத்தோடு மோதி, நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சியம் சொல்லும் வரை போனது. அரசின் விசாரணை அடுத்த ஆண்டே நடவடிக்கை ஏதும் இல்லாமல் முடிந்தது. மாற்று அரங்குகளைத் தேடி அலைந்ததில் அவர்களுடைய பயணமே தடுமாறியது. அரங்கு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பாதி முடிவுகள் இருக்கின்றன. பெரிய குழுவுக்கே அந்த நிலை என்றால், காவேரிப்பட்டணத்துக் குழு மண்டபத்து மிக்ஸரோடு சமாதானம் ஆனதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

சினிமாவுக்குப் போனால் கெட்டுவிடுவார்கள் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். கேரளத்தின் அவியல் குழு 2008இல் தன் சொந்தத் தொகுப்பை மலையாளத்தில் வெளியிட்டு, அதன் பிறகு 2011இல் ஒரு திரைப்படத்துக்குப் பாட்டுக் கொடுத்தது. கேட்டால் அது அவியலின் பாட்டாகவேதான் இருக்கிறது. டெல்லியின் இந்தியன் ஓஷன் திரைப்படங்களுக்கும் இசையமைத்தது. 2010இல் தன் புதிய பாடல்களை மாதத்துக்கு ஒன்றாக இணையத்தில் இலவசமாகவும் கொடுத்தது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் பறையையும் ராக்கோடு சேர்த்து ஆயிரக்கணக்கானோரைக் கூட்டியது. அந்தக் குழுவின் பின்னால் இருந்தவர் வணிகத் திரைப்படம் எடுக்கிற இயக்குநர் பா. ரஞ்சித். யாரிடம் போகிறோம் என்பதைவிட, போகும்போது பாட்டின் உருவத்தைத் தீர்மானிக்கிற உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு போகிறோமா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

இவர்களை அமர்த்த நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். முகூர்த்த மாதங்களில் இரண்டு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், முன்பணம் பதினைந்தாயிரம். கிருஷ்ணகிரி, தர்மபுரிக்குப் போக்குவரத்துச் செலவு கேட்பதில்லை. ஓசூர், சேலம் என்றால் வேன் வாடகை நம்முடையது. மண்டபத்து ஒலி அமைப்பில் குறைந்தது பன்னிரண்டு உள்ளீடு உள்ள மிக்ஸர் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள். சொந்தப் பாடல்களைப் பந்தி தொடங்குவதற்கு முன்னால், கூட்டம் நிறைந்திருக்கும் முதல் ஒரு மணி நேரத்திலேயே வாசிக்கச் சொல்லுங்கள். மேடைக்குப் போய்ச் சொல்லும் உரிமை வீட்டில் ஒருவருக்கு மட்டும் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் விட்டோம். மூன்றாவது பாட்டு வெட்டுப்பட்டதில் எங்கள் வீட்டின் பங்கு அது.

வருகிற தையில் என் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அவர்களை மறுபடியும் அழைத்திருக்கிறேன். இந்த முறை சொந்தப் பாடல்களோடு சேர்த்து அறுபதாயிரம் என்று நானே சொன்னேன். பாடகர் முதலில் தயங்கி, பிறகு ஒப்புக்கொண்டார். நிபந்தனைத் தாளை வாங்கிப் பார்த்தேன். ட்ராக், பத்து மணி, ரூபாய் நோட்டு ஆகிய மூன்றுக்கும் கீழே அவருடைய கையெழுத்தில் நான்காவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: எங்கள் பாடல்களைத் தொடங்கினால் முழுதாக வாசிப்போம்.